சட்டைப் பையில் இருக்கும் சீட்டு லைசென்ஸ் இல்லை

வாசகியின் கடிதம்:

ஐயா, நாங்கள் உடுமலைப்பேட்டை பக்கம். என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். காலையில் ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். போன ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் கல்யாணம். இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர்கள் பதினொன்றரைக்குத்தான் எழுந்தார்கள். ஒன்றரை குவார்ட்டர் என்று அவரே சொன்னார். மறுநாள் காலை என் தம்பியின் பைக்கை எடுத்துக்கொண்டு வேன் நிற்கும் இடத்துக்குப் போனவரை 6.20 மணிக்குப் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். 47 வந்ததாம். லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். தம்பி போய் பைக்கை எடுத்துவந்தான். கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனுஷன்மேல் கேஸ் போடுவது நியாயமா? ஐயாயிரம் கொடுத்தால் தெரிந்த ஆளை வைத்து முடித்துவிடலாம் என்கிறார் ஒரு சொந்தக்காரர். அரிஷ்டம் குடித்தேன் என்று சொல்லிவிடு என்கிறார் இன்னொருவர். கம்பெனிக்கு இன்னும் தெரியாது, அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நான்கு நாளாக வேன் ஓட்டுகிறார். இது போதாதென்று, விஷயத்தைச் சொல்லலாமென்று கோவையில் படிக்கும் பையனுக்கு ஃபோன் போட்டேன். பைக்கில் போய்க்கொண்டே எடுத்திருக்கிறான், அவனுக்கும் ஆயிரம் ரூபாய் ஃபைன். என்ன செய்வதென்றே தெரியவில்லை.

வழக்கறிஞரின் பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் கேள்வியாகக் கேட்காமல், போகிறபோக்கில் எழுதிய வரி ஒன்று இருக்கிறது. 'அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நான்கு நாளாக வேன் ஓட்டுகிறார்.' மற்ற எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தந்தது அதுதான். கடிதம் கைக்கு வந்த அன்றே உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டு, முதலில் வேன் சாவியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள் என்றேன். அதற்கான காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டும் டிரைவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை என்று நினைக்கவும் இடம் உண்டு. பழைய டிரைவர்களிடம் கேட்டால், 'லைசென்ஸை வாங்கினால் சீட்டுக் கொடுப்பார்கள், லைசென்ஸ் திரும்பி வரும்வரை அதைக் காட்டி ஓட்டலாம்' என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 206-வது பிரிவில் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது அதே பிரிவில் நான்காவதாக ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். குடித்துவிட்டு ஓட்டியது, ஆபத்தான முறையில் ஓட்டியது, அதிவேகம், ஹெல்மெட் இல்லாமல் போனது போன்ற சில குற்றங்களுக்காக லைசென்ஸைப் பறித்தால் கொடுக்கும் சீட்டு வெறும் ரசீதுதான். லைசென்ஸ் கைக்கு வரும்வரை அது ஓட்டும் உரிமையைத் தராது என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கிறது. பார்வைக்கு இரண்டு சீட்டும் ஒன்றுபோல இருக்கும். அதிலுள்ள பிரிவு எண்ணைப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் எடுத்துப் பாருங்கள், 185 என்று, அதாவது குடித்துவிட்டு ஓட்டியதற்கான பிரிவு என்று இருந்தால் அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. வேனை மட்டும் சொல்லவில்லை, தம்பியின் பைக்கும் வேண்டாம்.

அடுத்து உங்கள் நியாயத்துக்கு வருவோம். 'காலையில் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை.' நம்புகிறேன். சட்டம் எப்போது குடித்தாய் என்று கேட்பதில்லை. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. தள்ளாடினாரா, நாக்குக் குழறியதா, நேராக ஓட்டினாரா என்பதற்கெல்லாம் 185-வது பிரிவின் முதல் பாதியில் இடமே இல்லை. இங்கிலாந்தில் இந்த அளவு 80. அந்த ஊரில் 47 வந்தால் 'போய் வாருங்கள்' என்று அனுப்பியிருப்பார்கள். நம் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் கறாரானது. அது கறாராக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

ராத்திரி குடித்தது காலை வரை இருக்குமா என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த வழக்குகளில் டாக்டர்களைக் குறுக்கு விசாரணை செய்து செய்தே இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டவன். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 60 கிராம், ஒன்றரை குவார்ட்டருக்கு 90 கிராம். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் அது மொத்தமும் இறங்கினால், நூறு மில்லி ரத்தத்துக்குத் தோராயமாக 190 மில்லிகிராம் ஆகிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் அதைக் கரைக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். முதல் கிளாஸ் ஒன்பது மணி, ஊதியது 6.20. இடையில் ஒன்பதேகால் மணி நேரம் சொச்சம். அதற்குள் கரைந்தது 140. மிச்சம் 50. மெஷின் காட்டியது 47.

அதாவது மெஷின் பொய் சொல்லவில்லை. இதே கணக்கில் அவர் 30-க்குக் கீழே வர காலை ஏழரை மணியைத் தாண்டியிருக்கும். முழுசாக இறங்கப் பத்து மணி பக்கம் ஆகியிருக்கும். நடுவில் எலுமிச்சம்பழச் சாறு, மோர், தலைக்குக் குளியல், ஸ்ட்ராங் காபி என்று என்ன செய்தாலும் கல்லீரல் வேகம் கூட்டாது. குளித்துவிட்டு வந்தவருக்குத் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும், சிக்கலே அந்தத் தோற்றத்தில்தான் இருக்கிறது. விடிகாலை டியூட்டி போகிறவர்களுக்கு முந்தின ராத்திரி கல்யாண வீடுதான் பெரிய கண்டம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். பார் வாசலில் பிடிபடுகிறவனுக்காவது தான் குடித்திருப்பது தெரியும்.

அரிஷ்டம் விஷயம். இந்த யோசனையைச் சொன்ன உறவினர் பாதி விவரம் தெரிந்தவர். அரிஷ்டங்களில் புளிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் இருப்பது உண்மை. 2025-ல் கேரளத்தில் பந்தளம் பஸ் டிப்போவில் அதிகமாகப் பழுத்த பலாச்சுளையைத் தின்ற ஊழியர்கள் ஊதியபோது மெஷின் அலறியது செய்தியாக வந்தது. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் வாயில் தங்குகிற ஆல்கஹால். கால் மணி நேரம் காத்திருந்து, வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி ஊதினால் இறங்கிவிடும். உண்மையிலேயே குடிக்காதவர் அந்த இடத்திலேயே செய்ய வேண்டியது அதுதான்: புது ஊதுகுழல் போடச் சொல்லலாம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை ஊதிக் காட்டலாம், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ரத்தம் எடுக்கச் சொல்லலாம். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவே சொல்கிறது. 'ஊத மாட்டேன்' என்று மட்டும் முரண்டு பிடிக்கக் கூடாது. தக்க காரணமில்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையே அவருக்கு எதிராக நீதிமன்றம் எடுத்துக்கொள்ள 205-வது பிரிவு இடம் கொடுக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் இதில் எதையும் கேட்கவில்லை. குடித்ததை உங்களிடம் ஒப்புக்கொண்டும் இருக்கிறார். ஆகவே மாஜிஸ்திரேட் முன்னால் அரிஷ்டக் கதை வேண்டாம். அவர்கள் தினமும் கேட்கிற கதை அது.

ஐயாயிரம் கேட்கும் சொந்தக்காரருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஹெல்மெட் போடாததற்கு அங்கேயே பணம் கட்டி முடிக்கலாம். எந்தெந்தக் குற்றத்தை அப்படி இணக்கமாக முடிக்கலாம் என்று 200-வது பிரிவில் பட்டியல் இருக்கிறது. அதில் 185 இல்லை. இன்ஸ்பெக்டரே நினைத்தாலும் ஸ்டேஷனில் பணம் வாங்கி முடிக்க வழியில்லை, கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நீங்கள் கொடுக்கும் ஐயாயிரம் வழக்கை முடிக்காது. கோர்ட்டில் பத்தாயிரம் கட்டியதோடு சேர்த்துப் பதினைந்தாயிரமாகத்தான் முடியும்.

அந்தப் பத்தாயிரத்தைக் குறைத்துத் தரச் சொல்லலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். பழைய சட்டத்தில் 'இரண்டாயிரம் ரூபாய் வரை' என்று இருந்தது. ஐநூறிலும் ஆயிரத்திலும் முடித்துக்கொண்டு போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 'வரை' என்ற சொல் காணாமல் போய்விட்டது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சிறைக்கு 'வரை' உண்டு, அபராதத்துக்குக் கிடையாது. ஒரு சொல்லை எடுத்ததும் மாஜிஸ்திரேட்டின் இரக்கத்துக்கு இருந்த இடமும் போய்விட்டது. கூலிக்காரருக்கும் கோடீஸ்வரருக்கும் ஒரே பத்தாயிரம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

கோர்ட் என்றதும் பயந்துவிட வேண்டாம். பெயரைக் கூப்பிடுவார்கள், போய் நிற்க வேண்டும். குற்றச்சாட்டைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் அன்றைக்கே அபராதம் விதித்து, கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். எதிர்த்து நடத்தவும் உரிமை உண்டு. ஊதும் மெஷின் அச்சடித்த சீட்டில் நேரம் தப்பாக இருந்தாலோ, மெஷினைச் சரிபார்த்த சான்று இல்லாவிட்டாலோ நானே நடத்தச் சொல்லியிருப்பேன். இங்கே அப்படி எதுவும் தெரியவில்லை. ஒப்புக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆனால் ஒப்புக்கொள்வது என்றால் குற்றவாளி என்று தீர்ப்பாவது என்பதை அவர் புரிந்துகொண்டு நிற்க வேண்டும். இன்னொரு முறை மாட்டினால் அது 'இரண்டாவது குற்றம்'. அதற்கு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது பதினைந்தாயிரம், அல்லது இரண்டும்.

லைசென்ஸ் இப்போது போலீஸிடமிருந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போயிருக்கும் அல்லது போய்க்கொண்டிருக்கும். அங்கிருந்து நோட்டீஸ் வரும். அதைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள், நேரில் போய் விளக்கம் சொல்ல அதில் வாய்ப்புத் தருவார்கள். முதல் தடவைக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம். இரண்டாம் தடவை என்றால் லைசென்ஸே ரத்து. அந்த மூன்று மாதம் முடிந்தாலும் புத்தாக்கப் பயிற்சி முடித்த பிறகுதான் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பயிற்சி எங்கே, எப்போது என்று விளக்கம் சொல்லப் போகும்போதே கேட்டு வாங்கிக்கொண்டு வரட்டும். தகுதி நீக்கக் காலத்தில் வண்டி ஓட்டி மாட்டினால் அது தனிக் குற்றம், 182-வது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை அல்லது இன்னொரு பத்தாயிரம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

மூன்று மாதம் வேன் ஓட்டாவிட்டால் அடுப்பு எப்படி எரியும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. கம்பெனியிடம் சொல்லுங்கள். அவரே போய்ச் சொல்லட்டும். வேலை போகாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் உண்மையைச் சொல்லி, மூன்று மாதம் பேக்கிங்கிலோ லோடு ஏற்றும் இடத்திலோ வேலை கேட்கிறவருக்குக் கதவு கொஞ்சமாவது திறக்கும். மறைத்து ஓட்டி, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். சொந்தமாக ஒரு சின்ன சரக்கு வண்டி வைத்திருந்தவர். சாயங்காலம் இரண்டு ரவுண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது, பால் கேன் கட்டிய மொபெட்டில் போன ஒருவர் மேல் மோதிவிட்டார். அவர் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 'இன்சூரன்ஸ் இருக்கு சார், கம்பெனி கட்டிடும்' என்று தெம்பாகச் சொன்னார். கட்டியது. தீர்ப்பாயம் சொன்ன பதினான்கு லட்சத்தை இன்சூரன்ஸ் நிறுவனம் பால்காரரின் மனைவிக்குக் கொடுத்தது. பிறகு அதே தொகையை வட்டியோடு வசூலிக்க இவர்மேல் மனுப் போட்டது. 'முதலில் கொடு, பிறகு வசூலி' என்பார்கள் எங்கள் வட்டாரத்தில். குடித்து ஓட்டியது பாலிசி நிபந்தனையை மீறியது, ஆனால் செத்தவன் குடும்பம் அதற்காகத் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்பது இதன் நியாயம். கேரள உயர் நீதிமன்றமும் 2023-ல் ஒரு வழக்கில் இப்படியே சொல்லியிருக்கிறது. மிகச் சரியான நியாயம்தான். ஆனால் கடைசியில் அமீனா வந்து ஜப்தி நோட்டீஸ் ஒட்டியது இரண்டு சென்ட் நிலத்தில் அவர் கட்டிய ஓட்டு வீட்டின் கதவில். அவர் கட்டிய அபராதம் எவ்வளவு என்று இன்று யாருக்கும் நினைவில்லை.

அது அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டம். தன் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு ஒரு காசும் பெயராது. 2007-ல் டெல்லி இந்தியா கேட் அருகே விபத்தில் நொறுங்கிய ஒரு விலையுயர்ந்த வெளிநாட்டுக் காருக்காக நடந்த வழக்கு 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அந்த வழக்கில் ஊதிப் பார்த்த ரிப்போர்ட்டே கிடையாது. இருந்தும், மற்ற சூழ்நிலைகளை வைத்து, ஓட்டியவர் போதையில்தான் இருந்தார் என்று முடிவு செய்து, இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுத்தது சரியே என்று தீர்ப்பானது. உங்கள் தம்பியின் பைக் அன்று எதிலாவது மோதியிருந்தால் அந்தச் செலவு முழுக்க அவன் தலையில்தான் விழுந்திருக்கும். தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். குடித்திருப்பவர் என்று தெரிந்தே வண்டியைக் கொடுப்பதையும் கூடவே உட்கார்ந்து போவதையும் உடந்தை என்று 188-வது பிரிவின் கீழ் கொண்டுவர முடியும். சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2022-ல் இதை வெளிப்படையாகவே அறிவித்து, பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள்மீதும் வழக்குப் போடத் தொடங்கியது. விடிகாலை ஆறு மணிக்கு மாமாவைப் பார்த்தபோது தம்பிக்கு வாடை தெரிந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. போலீஸ் கேட்கலாம்.

உயிர் போனால் வழக்கே வேறு. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து வருடம் வரை சிறை. பழைய சட்டத்தில் இரண்டு வருடம்தான். குடித்திருந்தால் அதோடு நிற்காது. 2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய ஏழு கூலித் தொழிலாளர்கள் கார் ஏறி இறந்த வழக்கை, சாதாரணக் கவனக்குறைவாகப் பார்க்க முடியாது, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் உறுதி செய்தது. உங்கள் வீட்டுக்காரர் ஏற்றிப் போவது பஞ்சு மூட்டையை இல்லை. ஊர் ஊராக ஏறுகிற அத்தனை பெண்கள் அந்த வேனில் இருக்கிறார்கள்.

சாலை விபத்தில் தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 17,884 பேர் இறந்தார்கள். நாளுக்கு 49 பேர். இதில் குடியால் எத்தனை என்று அரசுக் கணக்கைப் பார்த்தால் எண்ணிக்கை சின்னதாகத் தெரியும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏனென்றால் நான் படித்த எஃப்.ஐ.ஆர்.களில் பாதிக்கு மேல் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற ஒரே வாசகத்தில் எழுதப்பட்டவை. அந்த அஜாக்கிரதைக்குப் பின்னால் குவார்ட்டர் இருந்ததா, கையில் ஃபோன் இருந்ததா, முந்தின ராத்திரி தூக்கம் இல்லையா என்று பின்னால் யாரும் பிரித்து எழுதுவதில்லை.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். நெடுஞ்சாலையை ஒட்டி மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் போட்ட உத்தரவு தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் பிறந்ததுதான். 2017 ஏப்ரல் முதல் நாள் டாஸ்மாக் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மூடியது. சில மாதங்களிலேயே நகர எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் வந்தது, பல கடைகள் வேறு சந்தில் திறந்தன. பாருக்கு வெளியே வரிசையாக நிற்கும் பைக்குகளைப் பார்த்தாலே தெரியும், உள்ளே இருப்பவர்கள் யாரும் நடந்து வீட்டுக்குப் போகப் போவதில்லை. அபராதத்தைப் பத்தாயிரம் ஆக்கத் தெரிந்தவர்களுக்கு, பத்து மணிக்குக் கடை மூடியதும் கிராமத்துக்கு ஒரு கடைசி பஸ் விடத் தெரியவில்லை. இதைச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் வாதாட முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி உங்கள் பையன். ஓட்டும்போது கையில் ஃபோனைப் பிடித்துப் பேசுவதை 2019 திருத்தம் 184-வது பிரிவில், அதாவது 'ஆபத்தான முறையில் ஓட்டுதல்' என்பதன் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டது. சிக்னலை மீறுவதும் எதிர்த்திசையில் வருவதும் இருக்கிற அதே வரிசை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் அரசாணைப்படி முதல் முறை ஆயிரம், மறுமுறை பத்தாயிரம். அப்பாவுக்குக் குடித்ததற்குப் போட்ட அதே தொகை, பையனுக்கு ஒரு 'ஹலோ'வுக்கு வரும். கோவைப் பசங்கள் ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனைச் செருகிக்கொண்டு, 'கையில் பிடிக்கவில்லையே' என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். சட்டச் சொல்லை வைத்து ஒரு வாதம் அதில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு பைக் ஓட்டுகிறவனுக்காக அந்த வாதத்தை எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. வழி பார்ப்பதற்காக மட்டும், கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம் என்று 2020-ல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். ஹேண்டில்பாரில் ஸ்டாண்ட் போட்டு மேப் வைத்துக்கொள்வது அந்தக் கணக்கில் வரும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் பார்ப்பது வராது.

அவனுடைய ஆயிரத்தை ஆன்லைனில் கட்டிவிடலாம், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் 'உங்கள் சலான்' என்று ஏபிகே ஃபைல் ஏதாவது வந்தால் தொடவே கூடாது. அதைத் தொட்டு வங்கிக் கணக்கைக் காலி செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கூப்பிட்டதால்தான் மாட்டினான் என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் அடுத்த முறை அவன் எடுத்ததும் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டால், 'எங்கடா இருக்கே' என்று கேட்டுக்கொண்டிருக்காமல் நீங்களே கட் பண்ணிவிடுங்கள்.

கோர்ட் தேதியன்று போலீஸ் கொடுத்த சீட்டு, ஆதார் நகல், பத்தாயிரம் ரூபாய், மேல்செலவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கே போய்விடட்டும். வாய்தா தேதியை மறந்து, கோர்ட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டால் வாரண்ட் வரும். அபராதம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விளக்கம் சொல்லும்போது அதையும் காட்டலாம். தம்பியின் பைக்கில் போகலாமா என்றால், தம்பி ஓட்டுவதானால் போகலாம். முந்தின ராத்திரி விசேஷம் ஏதும் இருந்தால் இரண்டு பேரும் பஸ்ஸில் போகட்டும்.